எங்க மதினிக்கு, சிஸ்டர்

சிஸ்டருக்கு ரகசியம் பேச வராது. முயற்சி செய்வார், பாவம். குனிவார், கையை வாய்க்கு மறைப்பாக வைப்பார், கண்ணை இடுக்கிக்கொள்வார். எல்லாம் சரியாக இருக்கும், சத்தம் மட்டும் குறையாது. "உங்கிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விட்றாத" என்று அவர் என்னிடம் சொன்னது கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனுக்குக் கேட்டு, அவர் அங்கிருந்தே "விட மாட்டேன் சிஸ்டர்" என்று பதில் சொன்ன நாள் உண்டு.

பேர் சொல்ல மாட்டேன். சொன்னால், இப்போது மகளோடு ஏதோ குளிர் தேசத்தில் இருக்கிற அவர், "என்னைப் பத்தி என்னளா எழுதிவச்சிருக்க?" என்று அங்கிருந்தே கேட்பார். போன் இல்லாமலே எனக்குக் கேட்கும். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் நான் அப்போது வேலை பார்த்தேன். எந்த லோடு எந்த ஊருக்குப் போகிறது என்று லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. ஆபீஸுக்கும், பெண்கள் அட்டைப்பெட்டி ஒட்டுகிற கூடத்துக்கும் நடுவில் முதலுதவி அறை. தீக்காயம் ஏதாவது பட்டால் பார்க்கத்தான் முதலாளி சிஸ்டரை வைத்தார். கடவுள் புண்ணியத்தில் அவர் இருந்த வரைக்கும் பெரிதாக ஒரு காயமும் வரவில்லை. வந்ததெல்லாம் பெண்கள்தான். பெண்களுக்கு வருகிற, வெளியே சொல்ல முடியாத அத்தனை தொந்தரவும் அந்த அறைக்குள் வந்தது.

சிஸ்டருக்குச் சொந்த ஊர் விருதுநகர். அரபு நாட்டில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் ஊர் திரும்பியவர். வெள்ளைச் சேலை, அதில் அத்தர் வாசம், மேசை டிராயரில் பஞ்சுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் எப்போதும் ஒரு பொட்டலம் காராச்சேவு. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுக்குழு. "என்னையக் கடைசி வரிசையில நிறுத்துதாக. அப்பவும் என் சத்தந்தான் முன்னால வருதாம். ஆண்டவர் குடுத்த தொண்டை, நான் என்ன செய்ய?" என்பார். பெருமையாகச் சொல்கிறாரா, வருத்தமாகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அறைக்குள் யார் போனாலும் முதல் கேள்வி "எங்கன?" என்பதுதான். போனவள் முனகுவாள். "அங்கனயா?" என்று அடுத்த கேள்வி வரும். கூடத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் கைகள் எல்லாம் ஒரு நொடி நிற்கும். அதனால் கூடத்துப் பெண்கள் தாங்களாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்து சிஸ்டர் அறைப் பக்கம் போனால், மற்றவர்கள் உடனே பாட ஆரம்பித்துவிடுவார்கள். மாரியம்மன் பாட்டு, நடவுப் பாட்டு, சினிமாப் பாட்டு, எது வாயில் வந்தாலும் சரி. போனவள் திரும்பி வந்து பசைக் கிண்ணத்தைக் கையில் எடுக்கும் வரை நிறுத்த மாட்டார்கள். அவளுடைய மானத்தைக் காப்பாற்ற இவர்கள் தொண்டை கட்டிப்போக வேண்டும். சூப்பர்வைசர் வந்த புதிதில், "என்ன, இங்க கச்சேரியா நடக்குது?" என்று கத்தினார். அன்று அவர் மனைவியே உள்ளே இருந்தார். விஷயம் தெரிந்ததும் மனிதர் ஒரு ஓரமாக நின்று தாளம் போட்டார்.

உள்ளே போனவளும் லேசில் வாயைத் திறக்க மாட்டாள். "எனக்கு" என்று ஒருத்தியும் ஆரம்பித்ததே கிடையாது. "எங்க மதினிக்கு, சிஸ்டர்" என்றுதான் ஆரம்பிப்பாள். மதினிக்கு வெள்ளைபடுது, மதினிக்கு அரிப்பு, மதினிக்குப் பிள்ளை பெத்ததிலிருந்து தும்மினால் மூத்திரம் சொட்டுது. சிஸ்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, "சரி, அந்த மதினியைக் கட்டில்ல ஏறிப் படுக்கச் சொல்லு" என்பார். வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுப்பாள். அண்ணனே இல்லாதவளுக்கும், கல்யாணமே ஆகாதவளுக்கும் அங்கே ஒரு மதினி இருந்தாள்.

"உலகம் பூராவும் இப்படித்தான்ளா" என்று சிஸ்டர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சொல்வார். அவர் எனக்குச் சொன்னால் ஆபீஸ் முழுக்கச் சொன்ன மாதிரிதான். "அரபிக்காரி வந்து அக்காவுக்குன்னு சொல்லுவா. பிலிப்பைன்ஸ்காரி ரூம்ல கூடத் தங்கியிருக்க பிள்ளைக்குன்னு சொல்லுவா. வெள்ளைக்காரி இருக்காளே, அவ எல்லாத்தையும் பட்டுன்னு பேசுவான்னு நெனப்ப. அவளும் சிநேகிதிக்குன்னுதான் ஆரம்பிப்பா! எனக்குச் சாகுறதுக்குள்ள அந்த இன்னொருத்தியை ஒரு தடவ பாத்துறணும்."

ஆளை மறைக்கிற விதம்தான் ஒன்று, கவலை ஊருக்கு ஊர் வேறு என்பார். அதைச் சொல்லும்போது அவருக்குக் குஷி வந்துவிடும், காராச்சேவுப் பொட்டலம் வெளியே வரும். அரபிக்காரிக்கு, பிள்ளை பெற்ற பிறகு உடம்பு பழையபடி ஆகிவிடுமா என்று கவலை. புருஷன் இன்னொருத்தியைக் கட்டிவிடுவானோ என்று பயம். பிலிப்பைன்ஸ்காரி பிள்ளை உண்டாகாமல் இருக்க என்ன வழி என்று கேட்டு வருவாள், வேலை போய்விடுமே. மலையாளத்துக்காரி எதுவுமே கேட்க மாட்டாள், புத்தகத்தைப் படித்துத் தானே மருந்து சாப்பிட்டுவிட்டு அதற்கு வைத்தியம் பார்க்க வருவாள். 

"வெள்ளைக்காரி, எனக்கு ஆசையே வரமாட்டேங்குதுன்னு வந்து அளுவா. நம்ம ஊர்க்காரி, ஆசை வருதே, இது ஏதும் வியாதியான்னு வந்து அளுவா!" என்று சொல்லிவிட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். டைப் அடிக்கிற பெண் முகத்தைக் கம்ப்யூட்டருக்குள் விட்டுக்கொள்ளாத குறை.

எங்கள் கம்பெனிக்குள்ளேயே அந்த உலகம் இருந்தது. தாயில்பட்டிப் பெண்களுக்கு வெள்ளைபட்டால் எலும்பு உருகி அந்த வழியாகப் போகிறது என்று பயம். மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து வருகிற, விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண்களுக்கு, காப்பர்-டி போட்டால் அது மெல்ல மேலேறி நெஞ்சுக்கு வந்துவிடும் என்று பயம். பீகாரிலிருந்து வந்திருந்த பெண்கள் என்ன நோவாக இருந்தாலும் இடுப்பைத்தான் காட்டுவார்கள். அவர்களிடம் சிஸ்டர் அரபு நாட்டில் கற்றுக்கொண்ட இந்தியில் பேசுவார், அவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தே பாதி குணமாகிவிடுவார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் சிஸ்டருடைய சபைக்காரர்கள். அவர்கள் மதினி என்றெல்லாம் இறங்கிப் பேச மாட்டார்கள். "ஒரு சகோதரிக்காக ஜெபத்துல வச்சுக்கிடுங்க சிஸ்டர், குடும்ப வாழ்க்கையில கொஞ்சம் வறட்சி" என்பார்கள். சிஸ்டர் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, கண்ணைத் திறந்து, "சரி, இப்ப அந்தச் சகோதரிக்கு ஒரு களிம்பு எளுதித் தாரேன்" என்பார்.

"ஒருத்தியை என்ன சொல்லிப் பயமுறுத்தி வளத்தாகளோ, அதுதாம்ளா அவளுக்கு வியாதியா வருது" என்று ஒருநாள் சொன்னார். நான் அதற்கும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பே வரவில்லை.

என் கதைக்கு வருகிறேன். மல்லாங்கிணற்றில் பிறந்து, தாயில்பட்டிக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள் நான். கல்யாணமாகி இரண்டு வருஷம். நானும் என் வீட்டுக்காரரும் இன்னும் புருஷன் பெண்டாட்டியாக வாழ ஆரம்பிக்கவே இல்லை. அவர் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. சிவகாசியில் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டுகிற மனிதர், கை நிறைய மைக் கறையும் பையில் எனக்கென்று ஒரு பொட்டலம் அல்வாவுமாக வருவார். ஆனால் கிட்டே வந்தால் என் உடம்பு பூட்டிக்கொள்ளும். கத்தி வைத்த மாதிரி வலி. நான் அழுவேன், அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு நாளும் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை. நானும் சொல்லவில்லை. யாரிடம் போய் எந்த வாயால் சொல்வது?

அத்தைக்கு, என் மாமியாருக்கு, தெரிந்ததெல்லாம் மருமகளுக்கு வயிறு திறக்கவில்லை என்பதுதான். கோயில், மந்திரித்த கயிறு, கசாயம் எல்லாம் முடிந்தது. அந்த வருஷம் மாசியில் கடைசியாகச் சொல்லிவிட்டார். "மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு உங்கப்பா வரட்டும். பேசி ஒரு முடிவு பண்ணிருவோம். எம் மவனுக்கும் வயசாகுதுல்ல." என்ன முடிவு என்று யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னை அப்பாவோடு அனுப்பிவிடுவார்கள், அவருக்கு வேறு பெண் பார்ப்பார்கள்.

வீட்டில் இன்னொரு ஆள், என் மதினி. நிஜ மதினி. வீட்டுக்காரருடைய அக்கா. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வருஷங்களுக்கு முன்னாலேயே திரும்பி வந்துவிட்டவர். "வாய்த்துடுக்கு. புருஷன்கிட்ட ஒத்துப்போவலை" என்று அத்தையே ஊருக்குச் சொல்லிவைத்திருந்தார். அதற்குத் தகுந்த மாதிரி மதினியும் முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருப்பார். நான் தாளித்தால் கடுகு கூட, கோலம் போட்டால் புள்ளி குறைவு. அவரைக் கண்டால் நான் வழி விட்டு ஒதுங்கிவிடுவேன்.

பொங்கல் நெருங்க நெருங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. சிஸ்டரிடம் கேட்டால் வழி தெரியும். ஆனால் சிஸ்டரிடம் சொன்னால் வெம்பக்கோட்டை வரை கேட்கும். கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னால் செத்தேன். அதனால் நான் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தேன். என் மதினியைச் சும்மா பேருக்கு இழுக்காமல், ஆளை முழுசாகக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"எங்க மதினிக்கு, சிஸ்டர். நெசமாவே எங்க மதினிக்குத்தான். நாப்பது வயசிருக்கும். புருஷன் வீட்டுலயிருந்து வந்துட்டாக. ஏன் வந்தாகன்னா, கல்யாணமான நாள்லயிருந்தே அங்கன அம்புட்டு வலியாம். நெருங்கவே முடியலையாம். அதான் அந்தாளு விட்டுட்டாரு. அந்த மாதிரிக்கு என்ன செய்யணும்?"

வலி என்னுடையது, ஆள் மதினி. விட்டுட்டார் என்பது நானாக இட்டுக்கட்டியது. எனக்கு நடக்கப்போவதை அவர் தலையில் வைத்துச் சொன்னேன், அவ்வளவுதான். வெளியே கூடத்தில் எனக்காகத் தாலாட்டு ஒன்று ஓங்கிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சிஸ்டர் என்னைக் கட்டிலில் ஏறச் சொல்லவில்லை. கையில் எடுத்த காராச்சேவைத் திரும்பப் பொட்டலத்தில் போட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மதினியை அவர் நம்பிவிட்டார். "அந்தப் பிள்ளையை இங்கன கூட்டிட்டு வா" என்றார்.

"வர மாட்டாக சிஸ்டர். கோவக்காரி."

"அப்ப நான் வாரேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மருந்து பேர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டாரே என்று எரிச்சல்தான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்த கையோடு, சிஸ்டருடைய ஸ்கூட்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. வெள்ளைச் சேலை, தோளில் பைபிள் பை. வாசலில் மிளகாய் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தை பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்கம்மா. உக்காருங்க, தண்ணி குடிங்க. ஆனா எங்க வீட்டுல எல்லாரும் மாரியம்மனைக் கும்புடுறவுக. உங்க சாமிகிட்டயும் எங்களுக்கு ஒண்ணும் கோவம் கெடையாது. சுவிசேசம் மட்டும் வேண்டாம்."

"நான் அதுக்கு வரலைங்கம்மா" என்று சிஸ்டர் அத்தையின் காதருகே குனிந்தார். கையை வாய்க்கு மறைப்பாக வைத்தார். அடுப்படியில் இருந்த எனக்கு உயிர் போய்விட்டது. "உங்க மகளுக்கு அங்கன வலின்னு உங்க மருமக சொன்னா. கல்யாணமானதுலயிருந்தே இருக்காமே. அதான் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்!"

எதிர் வீட்டில் டீவி சத்தம் நின்றது. பக்கத்து வீட்டுக்காரம்மா சுவருக்கு மேலே தலையைக் காட்டிவிட்டு, என்ன நினைத்தாரோ, இறக்கிக்கொண்டார். அத்தை வத்தலோடு வத்தலாக உட்கார்ந்துவிட்டார். என் பக்கத்தில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த மதினி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கரண்டியால் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். குரலே இல்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தானே இட்டுக்கட்டினேன், யார் சொல்வார்கள்?

"அந்தாளு சொன்னாரா? ஊருல சொல்லிட்டுத் திரியுதாரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்பில் என்ன கருகியது என்றுகூட நான் பார்க்கவில்லை. மதினி மாவுக் கையைக் கழுவிவிட்டு, நேரே வாசலுக்குப் போய், சிஸ்டரைக் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

கதவைச் சாத்தி என்ன செய்ய? மதினி பேசியது ஒரு வார்த்தைகூட வெளியே கேட்கவில்லை. சிஸ்டர் பேசியது அத்தனையும் கேட்டது.

"எம்புட்டு நாள் அங்கன இருந்த?... ஒரு நாளும் முடியலையா?... ஒரு நாளும்?... அவன் என்ன சொன்னான்?... அடப்பாவி!... மாமியா என்ன சொன்னா?... அவளும் பாவியா!... டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாகளா? பேய் ஓட்டுறவன்ட்டயா?... வேப்பங்குச்சியால அடிச்சானா? எங்கன அடிச்சான்?... ஏளா, இதை உங்கம்மாட்ட சொல்லலையா?... வாய்த்துடுக்குன்னு சொல்லட்டும்னு விட்டுட்டியா? அதுக்கு இது தேவலையா?... அளு, நல்லா அளு. நான் இங்கனதான் இருக்கேன்."

அத்தை வாசலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். வத்தல் நெடியோ என்னவோ, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கப் போய் வத்தல் பிடித்த கையாலேயே துடைத்துவிட்டு, "ஐயோ, ஐயோ" என்று கத்தினார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பிள்ளையைத் திட்டித் திட்டியே வச்சிருந்தேனே" என்றார். எரிச்சலில் அழுகிறாரா, வேதனையில் அழுகிறாரா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது.

உள்ளே சிஸ்டர் இப்போது விளக்கிக்கொண்டிருந்தார். "வெடி பத்தவைக்கிறப்போ கண்ணு தானா மூடிக்கிடுதுல்ல? நீயா மூடுத? இல்லல்ல? அதே மாதிரிதான் இதுவும். பயத்துல அங்கன இருக்க சதை தானா இறுகிக்கிடும். உன் திமிரும் இல்ல, பேயும் இல்ல, சாபமும் இல்ல. இதுக்கு வைத்தியம் இருக்கு. அரபிக்காரி, வெள்ளைக்காரி எல்லாருக்கும் வருது. நம்ம ஊர்லதான் இதை வயித்துவலின்னு சொல்லி ஓமத்தண்ணி குடிக்கிறோம்."

நான் கேட்டுக்கொண்டே நின்றேன். என் பேரே இல்லாமல் என் வைத்தியம் அந்த அறைக்குள் நடந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. மதினியின் முகம் வீங்கி, மூக்கு சிவந்து, ஆனால் அவ்வளவு லேசாக இருந்தது. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. என்னிடம் வந்து நின்றார்.

"அந்தாளு சொல்லியிருக்க மாட்டாரு. நானும் சொல்லல. பெறகு உனக்கு எப்படித் தெரியும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மதினி என் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏளா, உனக்குமா?"

சொல்லத்தான் நினைத்தேன், அழுகைதான் வந்தது. மதினி என்னை இழுத்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அத்தையைப் பார்த்து, "அம்மா, பொங்கலுக்கு இவளை அனுப்புற சோலியெல்லாம் வச்சுக்கிடாத. அனுப்பினா நானும் இவகூட மல்லாங்கிணறுக்குப் போயிருவேன். தோசைக்கு நீயே மாவாட்டிக்கோ" என்றார்.

அத்தை சேலைத் தலைப்பை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டே, "உங்கப்பா வரட்டும். கறி எடுத்துச் சமைச்சுப் போட்டு அனுப்புவோம்" என்றார்.

சிஸ்டருக்கு விஷயம் புரிய அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். "அடிக் கள்ளி! ஊருல இருக்கவ எல்லாரும் இல்லாத மதினியைச் சொல்லுவாளுக, நான் கண்டுபிடிச்சிருவேன். நீ இருக்கிற மதினியைச் சொல்லி என்னைய ஏமாத்திப்புட்டியே!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் எதிர் வீட்டுக் கோழிகள் பறந்தன. "சாகுறதுக்குள்ள ஒரு மதினியையாவது பாத்துட்டேன். சரி, இப்ப இந்த மதினியைக் கட்டில்ல ஏறிப் படுக்கச் சொல்லுங்க" என்று என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

வைத்தியம் ஒன்றும் மாயமில்லை. முதலில் விருதுநகரில் ஒரு லேடி டாக்டரிடம் அனுப்பி, வேறு எதுவும் கோளாறு இல்லை என்று பார்க்கச் சொன்னார். பிறகு மூச்சை இழுத்து விடுகிற பயிற்சி, சதையை இறுக்கித் தளர்த்துகிற பயிற்சி, என் உடம்பை நானே பயப்படாமல் தொட்டுப் பழகுவது, கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமில்லாமல். மதினி ஒவ்வொரு தடவையும் கூட வந்தார். நான் உள்ளே போனதும் கூடத்தில் பாட்டு ஆரம்பிக்கும். மதினி வாசற்படியில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து பாடுவார். கட்டைக் குரல், ராகமும் கிடையாது. ஆனால் எனக்குத் தைரியமாக இருந்தது.

என் வீட்டுக்காரரையும் சிஸ்டர் விடவில்லை. ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்தவரைக் கேட்டிலேயே பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் சொல்ற வரைக்கும் அவளை நெருங்கப்படாது. கையைப் பிடிச்சுக்கிடலாம், சினிமாவுக்குப் போகலாம், அல்வா வாங்கிக் குடுக்கலாம். அதுக்கு மேல கெடையாது. வெளங்குதா?" அவர் பைக்கில் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினார். வாட்ச்மேன், "வெளங்கிருச்சு சிஸ்டர்" என்றார். வீடு வந்து சேரும் வரை எங்கள் இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இந்த வயிற்றுவலி நிஜமான வயிற்றுவலி.

பங்குனிப் பொங்கலுக்கு அப்பா பயந்துகொண்டே வந்தார். கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டார். அத்தை அவருக்கு ஒரு தூக்குவாளியில் குழம்பும் கொடுத்தனுப்பினார். என்ன பேசி முடிவு செய்யக் கூப்பிட்டார்கள் என்று இன்றுவரை அப்பாவுக்குத் தெரியாது.

பிறகு தீபாவளி சீசன் வந்தது. சிஸ்டர் மகளிடம் போவதற்கு விசா அலைச்சலில் லீவு போட்டிருந்தார். அவர் இல்லாத அந்த நாட்களில்தான், ஒரு நாள், எல்லாம் சரியானது. வலிக்கவில்லை. நான் அன்றும் அழுதேன், அவர் பழக்கத்தில் தண்ணீர் எடுக்க எழுந்தார். "தண்ணியெல்லாம் வேண்டாம், இங்கன இருங்க" என்றேன்.

சீசன் முடிந்து, நானும் மதினியும் வருஷத்துக்கு வத்தலும் மல்லியும் வாங்க விருதுநகர் போயிருந்தோம். கடைத்தெருவில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மிளகாய் நெடியில் தெருவே தும்மிக்கொண்டிருந்தது. எதிர் வரிசையில் ஒரு பருப்புக் கடையிலிருந்து வெள்ளைச் சேலை ஒன்று வெளியே வந்தது. எங்களைப் பார்த்துவிட்டது. நடுவில் ஒரு லாரி, இரண்டு தட்டுவண்டி, ஒரு மாடு.

சிஸ்டர் வாயைத் திறந்தார். மூடினார். தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். எனக்காக, அவருடைய வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ரகசியத்தைக் காப்பாற்ற முடிவு செய்துவிட்டார் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. கையை வாய்க்கு மறைப்பாக வைத்தார்.

"ஏளா! உங்க மதினிக்கு இப்ப அங்கன வலி இருக்கா?"

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். கடைக்காரர் தராசைப் பிடித்தபடி நிமிர்ந்தார். நான் யாரோடு நிற்கிறேன் என்று தெரு முழுக்கப் பார்த்தது. என்னோடு என் மதினி நின்றார். அவருடைய முகம் வத்தலைவிடச் சிவந்தது. என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு, "பாக்கிறவுக எனக்குன்னுல்ல நெனைக்காக! சொல்லித் தொலைளா!" என்றார்.

என் தொண்டை அதுவரை அவ்வளவு பெரிதாகத் திறந்ததே இல்லை.

"மதினிக்கு இல்ல சிஸ்டர், எனக்கு! எனக்கு இப்ப வலியே இல்ல!"

லாரியின் அந்தப் பக்கத்திலிருந்து "ஸ்தோத்திரம்!" என்று ஒரு சத்தம் எழுந்தது. மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்து, தும்மி, மறுபடி சிரித்து, மல்லி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

தராசைக் கீழே வைத்துவிட்டு, கடைக்காரர் என்னைப் பார்த்து, "ரொம்ப சந்தோசம்மா" என்றார்.